அட்டையில் கை வேண்டாம்

மார்ச் 4, செவ்வாய்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். இந்த நோட்டில் எதையும் அன்றன்றைக்கே எழுதிய வழக்கமில்லை. நிலானி தூங்கினால்தான் பேனா பிடிக்க முடியும். அவள் தூங்கிவிட்டாலோ, மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. பதினோரு மாதக் குழந்தை மூச்சு விடாமல் எங்கே போய்விடும் என்று நவநீ கேட்கிறார். கேட்பார். தூங்குகிறவர் அவர்தானே.

திவாகர் அண்ணா சென்னையிலிருந்து அழைத்தார். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் சீனியர். சினிமாவில் இல்லாத, தாங்களே பாட்டு உண்டாக்கி வாசிக்கிறவர்களின் ஆல்பங்களை வெளியிடுகிறார். இப்போது ஒரு கிட்டார்காரர். மின்சாரக் கிட்டார் இல்லை, வெறும் மரக்கிட்டார், கூடவே கொஞ்சம் முணுமுணுப்பு. ஏழு பாட்டு. பழைய காலத்து இசைத்தட்டாகவே முந்நூறு போடப்போகிறார்களாம். ஓரடிக்கு ஓரடி அட்டை. அதற்கு நான் படம் செய்ய வேண்டும். ஆள் நம்ம கோயமுத்தூர்தான், போத்தனூர், பெயர் ஜோயல் ரூபன். ஆனால் திவாகர் அண்ணா அவரை நேரில் பார்த்ததே இல்லை. இணையத்தில் கேட்டுப் பிடித்துப்போய் போனிலேயே பேசி, ஒப்பந்தமும் தபாலில் போய் வந்துவிட்டது.

சரி என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டேன், ஆள் நம்பிக்கையானவரா என்று.

“நீ அட்டை போடப் போறியா, பொண்ணு குடுக்கப் போறியா?” என்றார்.

அவருக்குச் சிரிப்பு. எனக்கு அப்படியில்லை. முன்பு வேலை பார்த்த விளம்பர அலுவலகத்தில் ஒரு வீட்டுமனைத் திட்டத்துக்குப் பிரசுரம் செய்தேன். பூங்கா, நீரூற்று, ஊஞ்சலில் ஒரு சிறுமி. அந்த இடத்தில் மனையே இல்லை என்று பிறகு தெரிந்தது. போலீஸ்காரர் அலுவலகத்துக்கு வந்து, இந்தப் பூங்காவை வரைந்தது யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது ஆறு மாதக் கர்ப்பம்.

பதினான்கு மாதம் கழித்து வந்திருக்கும் முதல் வேலை இது. இதுவும் சரிப்படாவிட்டால் ஜூன் மாதம் நவநீயின் சித்தப்பா நடத்தும் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். நவநீ அதைக் கட்டாயப்படுத்தவில்லை. “பாத்துக்கலாம்” என்றார். அவர் பாத்துக்கலாம் என்றால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.


மார்ச் 6, வியாழன்

ரூபன் போனில் பேசினார். மெல்லிய குரல். என்னை சிஸ்டர் என்கிறார். ஆல்பத்தின் பெயர் ‘வெயில் தாழ’. தட்டச்சு எழுத்து வேண்டாம், கையால் எழுதித் தருகிறேன் என்றேன். சந்தோஷப்பட்டார். அட்டைக்கு என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒன்றும் நினைக்கவில்லை, உங்கள் இஷ்டம் என்றார். அப்படியானால் தந்திகளின் மேல் ஒரு கை, மிக அருகில், மாலை வெளிச்சத்தில் என்றேன். இது மாதிரி ஆல்பத்துக்கு யாருக்கும் முதலில் தோன்றுவது.

“அட்டையில கை வேண்டாங்க சிஸ்டர்.”

ஏன் என்றேன். வேண்டாம் என்று மட்டும் மறுபடி சொன்னார். உங்கள் இஷ்டம் என்றவர்தான் அரை நிமிடத்தில் இப்படிச் சொன்னார்.

பாட்டுகளை அனுப்பியிருக்கிறார். கேட்டேன். நல்லவை என்று எழுதக் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது, நல்லவைதான். மூன்றாவது பாட்டில் தாளம் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் காலைத் தூக்கி வைக்கத் தயங்குவதுபோல் நின்று போகிறது. நிலானி அதற்கு மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். இன்று மூன்று முறை போட்டு, அந்த நேரத்தில் துணி மடித்தேன், சாம்பாருக்குப் பருப்பு வைத்தேன்.


மார்ச் 10, திங்கள்

ஒரு தப்பு செய்துவிட்டேன். தப்பா என்றும் தெரியவில்லை.

அட்டையின் பின்பக்கத்துக்கு ரூபனின் படம் கேட்டிருந்தேன். அனுப்பினார். மார்போடு வெட்டிய படம். முகம், கிட்டாரின் கழுத்து, அதைப் பிடித்திருக்கும் இடது கை. வலது கை படத்துக்கு வெளியே. பாட்டுப் பட்டியல் வலப்பக்கம் வர வேண்டும், அங்கே கிட்டார் இடிக்கிறது. எல்லோரும் செய்வதைச் செய்தேன்: படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டேன். முகம் என்றால் யாருக்கும் தெரியாது. கிட்டார் என்றால் தெரியும், வாசிக்கிறவருக்கு உடனே தெரியும், அவரை இடது கைக்காரர் ஆக்கிவிடுகிறோம். அவசரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. நிலானி பிளக் பாயிண்டை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

அனுப்பி ஐந்து நிமிடத்தில் அழைத்தார். திருப்பிட்டீங்களே சிஸ்டர் என்று சிரிப்பார், மன்னிப்புக் கேட்கலாம் என்று எடுத்தேன்.

“யாரு சொன்னாங்க உங்ககிட்ட?”

எதை என்றேன்.

“யாருனு சொல்லுங்க. போத்தனூர்ல யாராச்சும் பேசினாங்களா?”

படத்தைத் திருப்பினேன், இடம் போதவில்லை, அவ்வளவுதான் என்று விளக்கினேன். நம்பினாரா தெரியாது. பின்பக்கத்தில் தன் படமே வேண்டாம், கிட்டாரும் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.


மார்ச் 11, செவ்வாய்

யார் சொன்னது என்று ஒருவர் கேட்டால், சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதானே பொருள்.


மார்ச் 13, வியாழன்

கிடைத்துவிட்டது.

இரண்டு நாளாகத் தேடினேன். போத்தனூர்ப் பக்கம் ஒரு சர்ச்சின் இளைஞர் குழு, பதினொரு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் படங்களை யாரோ மொத்தமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதில் ரூபன். மீசை அரும்பிய முகம், ஆனால் அதே கண்கள். மடியில் கிட்டார். வலது கை கிட்டாரின் கழுத்தில். இடது கை தந்திகளில்.

என்னைப்போல் யாரோ படத்தைத் திருப்பியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னாலிருக்கும் பேனரின் எழுத்து நேராக இருக்கிறது. சட்டைப் பை இடப்பக்கம். படம் திரும்பவில்லை. அன்று அவர் இடது கைக்காரர்.

இன்று அவருடைய இணையப் பக்கத்தில் இருக்கும் காணொளிகளில் வலது கைக்காரர். எல்லாக் காணொளியிலும் முகமும் இடது கையும்தான் தெரிகின்றன. தந்தியை மீட்டும் கை ஒன்றிலும் இல்லை. மேடையில் வாசித்த ஒரு படம் கூட இல்லை. பாட்டுகளைத் தன் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். திவாகர் அண்ணா பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை.

இத்தனை வருடம் இடது கையால் வாசித்தவர் ஏன் மாற்றிக்கொள்ள வேண்டும்? மாற்றிக்கொண்டவரால் இப்படி வாசிக்க முடியுமா? முடியாது. அப்படியென்றால் வேறு யாரோ வாசிக்கிறார்கள், இவர் வாயசைக்கிறவர் மாதிரி கையசைக்கிறார். அந்த வேறு யாருக்கோ தெரியாமல் முந்நூறு தட்டு வரப்போகிறது, அதன் பின்னால் ‘அட்டை: வினோதினி’ என்று என் பெயர்.

நவநீயிடம் காட்டினேன். அவர் ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகர். இரண்டு படங்களையும் நிதானமாகப் பார்த்தார்.

“எங்க கம்பெனில உன்னை வெச்சா ஒரு பம்ப்பும் கேட்டைத் தாண்டாது” என்றார்.

பிறகு, எதுவாக இருந்தாலும் அவரிடமே நேராகக் கேள், சுற்றி வளைக்காதே என்றார். நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்களா? மனைத் திட்டத்துக்காரரிடம் நேராகத்தான் கேட்டேன். பூங்கா வருமா சார் என்று. வரும் என்றார்.


மார்ச் 15, சனி

திவாகர் அண்ணா, ஏப்ரலில் சென்னையில் வெளியீட்டு விழா, ரூபன் இரண்டு பாட்டாவது வாசிக்க வேண்டும் என்கிறார். ரூபன் மேடை பழக்கமில்லை என்று மறுக்கிறாராம். கூச்ச சுபாவம், பேசிச் சரிக்கட்டலாம் என்று அண்ணா சொன்னார்.

அட்டை ஒரு மாதிரி வந்துவிட்டது. மொட்டை மாடியில் ஒரு காலி பிளாஸ்டிக் நாற்காலி, அதன் நிழல் மட்டும் நீண்டு சுவரில் ஏறுகிறது. மேலே என் கையெழுத்தில் பெயர். எங்கள் மாடியில் நவநீயின் நாற்காலியை வைத்தே எடுத்தேன். நாற்காலி காலி. கையும் இல்லை.

ரூபனை வீட்டுக்கு வரச் சொன்னேன். போன் திரையில் நிறம் ஒரு மாதிரி தெரியும், அச்சில் வேறு மாதிரி வரும், பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், நேரில் பார்த்து ஒப்புக்கொள்வதுதான் முறை என்றேன். முறைதான். பொய்யில்லை.


மார்ச் 17, திங்கள்

நேற்று ரூபன் வந்தார். நவநீ தன் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தார்.

வலது கை பேண்ட் பைக்குள். வணக்கம் சொன்னதும் தலையால். செருப்பைக் காலாலேயே கழற்றினார். தண்ணீர் கொடுத்தேன், இடது கையால் வாங்கினார். பிரிண்ட்டை வெகுநேரம் பார்த்தார். நாற்காலியின் நிழல் பிடித்திருக்கிறது என்றார். பார்சல் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாராம். பாட்டுகளை எங்கே வாசித்தீர்கள் என்றேன். வீட்டில். யாராவது உதவிக்கு? இல்லை. மூன்றாவது பாட்டில் அந்த நிறுத்தம் எப்படி வந்தது? அப்படித்தாங்க வரும் என்றார். பதிலா அது?

பிரிண்ட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபோதுதான் நிலானி அவர் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றாள். நின்று, அவர் வலது கையைப் பற்றிக்கொண்டாள். நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு முடிந்துவிடுகின்றன. நுனி மழுங்கி, பளபளப்பாக இருக்கிறது. அந்த இரண்டையும் சேர்த்து அவள் முஷ்டிக்குள் வைத்துக்கொண்டு விடவேயில்லை. அவரும் இழுக்கவில்லை. இழுத்தால் விழுந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

நிலானி முதன்முதலாக இவ்வளவு நேரம் நிற்கிறாளே என்று ஒரு படம் எடுத்தேன்.

“வேலைல போனதுங்க” என்றார். “ஏழு வருஷம் ஆச்சு.” டீ முழுதாகக் குடிக்காமல் போய்விட்டார்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவத்தை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தால், அந்தக் கையோடு அந்த ஏழு பாட்டையும் எப்படி வாசிக்க முடியும்? என் சந்தேகம் தீரவில்லை. உறுதிப்பட்டது.


மார்ச் 18, செவ்வாய்

திவாகர் அண்ணாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன், வேலை சம்பந்தமாக. நிலானிக்குக் கேழ்வரகுக் கூழ் ஒத்துக்கொள்கிறது.


மார்ச் 20, வியாழன்

வாட்ஸப்பில் அனுப்பிய செய்தி இது: ‘அண்ணா, இந்தக் கையால் அந்தப் பாட்டுகளை வாசிக்க முடியுமா? விசாரித்துக்கொள்ளுங்கள்.’ கூடவே படம்.

நிலானி நிற்பதை எடுத்தேன் என்று எழுதியிருந்தேன். படத்தில் நிலானியின் முகம் இல்லை. அவள் முஷ்டியும் அவர் விரல்களும் மட்டும்தான் இருக்கின்றன.

நேற்று அண்ணா அழைத்தார். ரூபனைக் காணொளி அழைப்பில் கூப்பிட்டு, உங்கள் மேல் புகார் வந்திருக்கிறது, இப்போதே வாசித்துக் காட்டுங்கள் என்று சொன்னாராம். யார் புகார் என்று சொல்லவில்லையாம். போனை எதிரே சாய்த்து வைக்கச் சொன்னாராம், வலது கை தெரிகிற மாதிரி.

“வாசிச்சான் வினோ. மூணாவது பாட்டு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், சுண்டு விரல். நடுவுல அந்த ரெண்டு மொட்டையும் தந்தியைத் தட்டுது பாரு, அதான் அந்த நிறுத்தம். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.”

இடது கைக்காரர்தான். கிட்டாரின் கழுத்தைப் பிடிக்கும் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டதால் கையை மாற்றி, முதலிலிருந்து கற்றிருக்கிறார். ஏழு வருடம். நான் தேடிக் கண்டுபிடித்தது எல்லாம் சரி. முடிவு மட்டும் தப்பு.

அண்ணா என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குதூகலமாக இருந்தார். “நாற்காலியை விடு. நீ அனுப்பின படம்தான் அட்டை. குழந்தை கை, அந்தக் கை. பத்திரிகைக்காரன் தேடி வருவான். முந்நூறு இல்ல, ஆயிரம் போடலாம். அடுத்த மூணு ஆல்பமும் உனக்குத்தான்.”

ரூபன் கை வேண்டாம் என்றாரே என்றேன். ஒப்பந்தப்படி அட்டை என் முடிவு, நான் பேசிக்கொள்கிறேன் என்றார். இருபத்தேழாம் தேதி சிவகாசியில் அச்சு.

இன்று பகலில் நிலானியைப் பக்கத்து வீட்டுச் செல்வியக்காவிடம் விட்டுவிட்டு அந்த அட்டையைச் செய்தேன். செய்து பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று. பின்னணியை இருட்டாக்கினேன். வெளிச்சம் விரல் நுனிகளில் மட்டும் நிற்கிறது. ‘வெயில் தாழ’ என்பதை அதன் கீழே சிறிதாக வைத்தேன். ஒரு சின்னப் பிரதியை அண்ணாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நான் இதுவரை செய்ததிலேயே நல்லது அதுதான். செல்வியக்கா இரண்டு முறை கூப்பிட்டது காதில் விழவில்லை.


மார்ச் 23, ஞாயிறு

நேற்று ரூபன் வந்தார். சொல்லாமல் வந்தார். நவநீ கதவைத் திறந்து, யாரென்று தெரியாமல், உள்ளே வாங்க என்று உட்கார வைத்துவிட்டார்.

புகார் செய்தது யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் எப்படி இருக்கும், அட்டையில் குழந்தையின் கையும் உங்கள் கையும் என்று அண்ணா அவரிடம் சொல்லியிருக்கிறார், அவர் விரலைப் பிடித்த குழந்தை நிலானிதானே. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அட்டையைக் காட்டுங்கள் என்றார். காட்டினேன். நாற்காலியின் பிரிண்ட்டைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார்.

“நல்லா இருக்குங்க” என்றார். “நல்லா இருக்கும்னுதான் பயந்தேன்.”

பிறகு அவராகவே சொன்னார். கையை மாற்றிக் கற்றுக்கொண்டு இரண்டாம் வருடம், ஒரு ஜெபக் கூட்டத்தில் கடவுளின் கருணைக்குச் சாட்சியாக மேடையேற்றினார்களாம். இவருக்கு நடந்ததை மைக்கில் ஒருவர் சொல்லி, கையை உயர்த்திக் காட்டச் சொன்னாராம்.

“தந்தியை ட்யூன் பண்றதுக்குள்ளயே அழுதாங்க சிஸ்டர். ஒருத்தரும் பாட்டைக் கேக்கல. நான் அன்னிக்கு ரெண்டு இடத்துல தப்பா வாசிச்சேன். யாருக்கும் தெரியல. அதுக்கப்புறம் மேடையே ஏறலீங்க.”

நவநீ எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். டீ போட இவ்வளவு பாத்திரச் சத்தம் தேவையில்லை.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நீங்கள் நினைத்ததில் வருத்தமில்லை, சொல்லப்போனால் அதைக் கேட்டு ஒரு பக்கம் சந்தோஷம்தான், கையைப் பார்க்காமல் பாட்டைக் கேட்டுவிட்டு எழுந்த சந்தேகம் அது, என்றார். இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. படத்தை மட்டும் அழித்துவிட முடியுமா என்று கேட்டார். ஒப்பந்தத்தை மீற அவரால் முடியாது. திவாகர் அண்ணாவிடம் இருப்பது வாட்ஸப்பில் சுருங்கிய சின்னப் படம்தான், அதை ஓரடி அட்டைக்கு இழுத்தால் கட்டம் கட்டமாகப் போய்விடும். அச்சுக்கு ஆகிற பெரிய படம் என்னிடம் மட்டுமே இருக்கிறது. ஆக, அட்டை என்ன என்பது என் கையில்.

போனிலிருந்து அவர் எதிரிலேயே அழித்தேன். கம்ப்யூட்டரிலும்.

“வேற எங்கயாச்சும் இருக்குதுங்களா?”

“இல்லை” என்றேன்.


மார்ச் 25, செவ்வாய்

நேற்று காலையிலிருந்து திவாகர் அண்ணா ஆறு முறை அழைத்தார். ஏழாவது முறை எடுத்தேன். பெரிய படத்தை அனுப்பு என்றார். அனுப்ப மாட்டேன் என்றேன்.

வேலையை நீ முடிவு செய்ய முடியாது என்றார். வேலையை இல்லை, அதில் இருப்பது என் பிள்ளையின் கை, அம்மாவாகச் சொல்கிறேன், சம்மதமில்லை என்றேன். இதை யோசித்து வைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்துவிட்டது. பிறகுதான் அது உண்மை என்று பட்டது.

கொஞ்சம் கெஞ்சினார். பிறகு வேறு மாதிரிப் பேசினார். நீதானே அவனைப் பிடித்துக் கொடுத்தாய், இப்போது என்ன புண்ணியவதி வேஷம் என்றார். வேறு ஆளைப் பிடித்து வேறு அட்டை செய்ய நாளில்லை. நாற்காலியையே அனுப்பச் சொன்னார்.

“இந்த ஒன்னோட போதும் வினோ. பாத்துக்க.”

வாட்ஸப் படத்தையும் அழித்துவிடுங்கள், எங்காவது போட்டால் சும்மா இருக்க மாட்டேன் என்றேன். அழித்துவிட்டேன் என்று சொல்லி வைத்தார். கேட்டவுடனேயே அழித்துவிட்டேன் என்கிறவர் எப்போது அழித்தார்?

நாற்காலி சிவகாசிக்குப் போய்விட்டது. நவநீயிடம் சொன்னேன், ஜூன் மாதப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர் சித்தப்பாவிடம் கேட்கட்டும் என்று. அதைப் பாத்துக்கலாம் என்றார். இந்த முறை என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.


மார்ச் 26, புதன்

ரூபனிடம் இல்லை என்று சொன்னது பொய். எந்த வேலையை முடித்தாலும் கறுப்பு ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி போடுவது என் வழக்கம். போட்டிருந்தேன். அவர் கேட்டபோது நினைவிருந்தது.

இன்று அதைச் செருகித் திறந்து பார்த்தேன். அழிக்கத்தான் திறந்தேன். நல்ல படம். இதை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்வதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் நினைத்தேன். நிலானி கூழைத் தலையில் பூசிக்கொண்டாள்.

அழித்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம். எழுதினால் நானே நம்புவேனா? இந்த நோட்டில் நான் எழுதியதை எல்லாம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

அவரை அழைத்துச் சொன்னேன். இன்னொரு பிரதி இருக்கிறது, அன்று பொய் சொன்னேன் என்று. பின்னால் பார்சல் அலுவலகச் சத்தம் கேட்டது.

“இப்பவே அழிக்காதீங்க” என்றார். “ஞாயித்துக்கிழமை வர்றேன். நான் வந்தப்புறம்.”


மார்ச் 31, திங்கள்

நேற்று மூன்று மணிக்கு வந்தார். நவநீயும் இருந்தார். டிஸ்க்கைச் செருகி, கோப்பைக் காட்டி, எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். அவர் வலது கையை வெளியே எடுத்து நடுவிரலால் அழுத்தினார். அந்த விரலால்தான். கம்ப்யூட்டர், நிச்சயமாகவா என்று கேட்டது. மறுபடி அழுத்தினார். குப்பைத்தொட்டியையும் காட்டச் சொன்னார். அதையும் காலி செய்தார்.

“போன் தானா எங்கயோ ஏத்தி வெச்சுக்குமே, அதுல?”

அது எனக்கு நிஜமாகவே தோன்றவில்லை. பார்த்தோம். இருந்தது. நிலானியின் நானூறு படங்களுக்கு நடுவில் தேதிவாரியாக. என்னை நம்பாமல் அவர் கேட்டது சரிதான் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. அதையும் அவரே அழித்தார்.

நவநீ கொடுத்த டீயை இந்த முறை முழுதாகக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, திவாகர் சாரிடம் இருந்தது என்ன ஆயிற்று என்றார்.

“அழிச்சிட்டேன்னு சொன்னார்.”

“நம்புறீங்களா?”

“இல்லை.”

“நானும் நம்பலைங்க” என்றார். அப்போதுதான் அவர் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன்.

அச்சுக்கு ஆகாத சின்னப் படம்தான், ஆனால் இணையத்தில் போட அது தாராளம். விழா வரைக்கும் திவாகர் அண்ணாவின் பக்கத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காலை பத்து மணிக்கு நான் பார்ப்பது, மாலை நான்கு மணிக்கு அவர் பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். பார்த்ததும் மற்றவருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். ஒரு சொல் போதும் என்றார். இந்த வேலைக்கு உன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்றார் நவநீ.


ஏப்ரல் 1, செவ்வாய்

இல்லை. நான்கு மணிக்கு அவரிடமிருந்து: ‘இல்லை.’


ஏப்ரல் 2, புதன்

இல்லை. இல்லை.


ஏப்ரல் 3, வியாழன்

அட்டையின் மாதிரி சிவகாசியிலிருந்து வந்தது. நிழல் கொஞ்சம் கறுத்துவிட்டது, பரவாயில்லை. பின்னால், கீழே, மிகச் சின்னதாக என் பெயர். திவாகர் அண்ணா அதை எடுக்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன், நேரமில்லை போலிருக்கிறது. ரூபனுக்குப் படமெடுத்து அனுப்பினேன். பாட்டுகளின் பெயரில் ஒரு எழுத்தும் தப்பில்லை, சரிபார்த்துவிட்டேன் என்று பதில் வந்தது. அதோடு சேர்த்து: ‘இல்லை.’


ஏப்ரல் 4, வெள்ளி

இல்லை.